பல்செட்டுக்காரர் வீட்டுப் பள்ளிக்கூடம்

எல்லோரும் அவரைப் பல்செட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் என்று ஒன்று வங்கிப் புத்தகத்தில் இருந்தது. அதை யாரும் அதிகம் தொந்தரவு செய்வதில்லை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் ப்ளாஸ்டர் ஊற்றித் தாடை எடுப்பார், ரோஸ் நிற மெழுகில் ஈறு வைப்பார், ஒவ்வொரு பல்லாகப் பதித்து, கடைசியில் மெழுகை உருக்கிவிட்டு நிஜ செட்டாக வார்த்து அனுப்புவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு ஓரத்தில் அவருடைய மேஜை, சுவர் நெடுகப் பல்லும் பல்லில்லாததுமான ப்ளாஸ்டர் தாடைகள். எதிர் ஓரத்தில், ஜன்னலை ஒட்டி, கால் குட்டையான இன்னொரு மேஜை. அதுதான் பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டே பேர் படித்தார்கள். பெரியவளுக்குப் பத்து வயது. சின்னவனுக்கு ஆறு நடக்கிறது. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் அவனுக்குப் 'பொக்கை' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவர் வீட்டில் ஓட்டை வாயா என்று பால் போடுகிறவர் தினமும் கேட்பார். தினமும் அதையே கேட்டாலும் பொக்கை தினமும் சிரிப்பான்.

பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தது அவர் இல்லை, அவர் மனைவி. அவள் ஒரு பாலர் பள்ளியில் ஐந்து வருடம் டீச்சராக இருந்தவள். நாலு வயதுப் பிள்ளைகளைக் கையைக் கட்டி உட்காரவைத்து, வாயில் விரலை வைக்கச் சொல்லி, மணி அடிக்கும் வரை அப்படியே இருக்கச் செய்வது அவளுக்குப் பொறுக்கவில்லை. பெரியவளுக்கு மூன்று வயதானபோது வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். "நம்ம பிள்ளைக்கு நானே சொல்லித் தரேன். உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய மனிதரிடம் போய் இதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? தலையை ஆட்டினார். அந்தக் குட்டை மேஜையை அவரே செய்து கொடுத்தார்.

அவள் பாடம் நடத்திய விதம் வேறு. மெழுகு வந்த தகரப் பெட்டி ஒன்றை எடுத்து, அதில் துண்டுச் சீட்டுகளாக எழுதிப் போட்டு வைத்தாள். வருடத்துக்கு ஐந்து பண்டிகைகள், எல்லாம் அவளாக உண்டாக்கியவை: இலை உதிரும் நாள், குளிர் தொடங்கும் நாள், மொட்டு நாள், வெயில் நாள், முதல் மழை நாள். ஒவ்வொரு பண்டிகைக்கும் பத்துப் பன்னிரண்டு சீட்டுகள். இலை உதிரும் நாளுக்கு ஏழு வகை இலை பொறுக்க வேண்டும். அப்பாவிடம் ப்ளாஸ்டர் மாவு கேட்டு வாங்கிக் குழைத்து, இலைகளை அதில் பதித்து அச்செடுக்க வேண்டும். எண்ண வேண்டும், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்க வேண்டும், பெயர் எழுத வேண்டும். எழுத்து, கணக்கு, படம் எல்லாம் அந்த வேலைக்குள்ளேயே வந்துவிடும். சீட்டின் அடியில் ஏதாவது ஒரு சின்னக் கட்டளையும் இருக்கும். 'யார் முதலில் எழுந்தாலும் மற்றவர்களை எழுப்பாமல் ஜன்னலைத் திறக்கக் கூடாது' என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தாள்.

ஒரு வருடத்துக்கான சீட்டுகளைத்தான் அவளால் எழுத முடிந்தது. குளிர் தொடங்கும் நாளைக் கொண்டாடிய அதே வாரத்தில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பெரியவளுக்கு அப்போது ஆறு வயது. பொக்கைக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிடச் சொல்லாதவர்கள் இல்லை. பல்செட்டுக்காரர் சேர்க்கவில்லை. பெட்டியை எடுத்தார், மொட்டு நாள் என்று எழுதியிருந்த முதல் சீட்டை எடுத்தார், அதில் சொல்லியிருந்தபடி செய்தார். பாடம் சொல்லித் தரும் வாக்கு அவருக்கு இல்லை. ஆனால் ஒரு தாளில் டாக்டர் எழுதிக் கொடுத்ததை மில்லிமீட்டர் பிசகாமல் செய்து முடிப்பது அவர் தொழில். மனைவியின் சீட்டுகளையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். வருடம் முடிந்தது. சீட்டுகளும் முடிந்தன. அவர் மறுபடி முதல் சீட்டிலிருந்து ஆரம்பித்தார். அதில் தப்பு ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. இலை வருடா வருடம் உதிரத்தானே செய்கிறது.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கல்வி அலுவலகத்திலிருந்து வருடத்துக்கு ஒரு முறை ஆள் வரும். முதலில் வந்துகொண்டிருந்தவர் வயதானவர். தாயில்லாப் பிள்ளைகள் என்று உச்சுக் கொட்டிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். போன வருடம் அவர் ஓய்வு பெற்று, ஆய்வாளரம்மா ஒருவர் வந்தார். அவர் டீ குடிக்கவில்லை. எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். "கைவேலை நல்லா இருக்கு சார். ஆனா அடுத்த வருஷம் நான் வரும்போது பெரியவ ஒரு படியாவது மேல ஏறியிருக்கணும். இல்லைனா ரெண்டு பேரையும் ஸ்கூல்ல சேர்க்கச் சொல்லித்தான் எழுத வேண்டியிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வருடமும் பல்செட்டுக்காரர் கண்ணும் கருத்துமாக உழைத்தார். போன வருடத்தைவிட இலைகள் சுத்தமாகப் பதிந்தன, படங்களின் ஓரம் நேராக வந்தது, எழுத்துகள் கோடு தாண்டவில்லை. ஒரு படி மேலே ஏறுவது என்றால் அதையே இன்னும் நன்றாகச் செய்வது என்றுதான் அவர் புரிந்துகொண்டிருந்தார். அவருடைய தொழிலில் அது சரி. ஆயிரமாவது பல்செட் முதல் பல்செட்டைவிட நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் பல்செட் இல்லை என்பதை அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? சொல்லக்கூடியவள் போய்விட்டாள்.

இந்த வருடம் ஆய்வாளரம்மா வந்தது இலை உதிரும் நாளன்றே. அது நல்ல சகுனம் என்று பல்செட்டுக்காரர் நினைத்தார். காலையில் ப்ளாஸ்டர் தீர்ந்துபோய்க் கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்திருந்தார். ஆய்வாளரம்மா உள்ளே வந்தபோது மேஜை மேல் ஏழு இலைகளும் ஈரம் காயாத வெள்ளை வட்டங்களில் பதிந்து கிடந்தன.

ஆய்வாளரம்மா பையிலிருந்து நான்காம் வகுப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பெரியவளிடம் நீட்டினார். "இந்தப் பக்கத்தைப் படிம்மா."

பெரியவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். ஆய்வாளரம்மா ஒரு தாளில் ஐந்நூறிலிருந்து நூற்று இருபத்தெட்டைக் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அவள் தாளைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அது இன்னும் பெட்டியில வரல மேடம்," என்றார் பல்செட்டுக்காரர்.

"அக்காவுக்கு அது..." என்று பொக்கை வாயெடுத்தான். பெரியவள் அவன் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். அவன் அடங்கிவிட்டான்.

ஆய்வாளரம்மா அலமாரியைத் திறந்து இலை உதிரும் நாள் கோப்புகளை எடுத்து, தேதி எழுதிய அட்டைகளை ஒதுக்கிவிட்டு, உள்ளே இருந்த தாள்களை மேஜை மேல் வரிசையாகப் பரப்பினார். ஏழு இலை, ஏழு பெயர், ஒன்று முதல் ஏழு வரை. பக்கத்தில் ஏழு இலை, ஏழு பெயர். பிறகும் அதேதான்.

"சார், இதுல எது போன வருஷத்துது?"

பல்செட்டுக்காரர் குனிந்து பார்த்தார். பல்லின் நிறத்தில் அரை இழை வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அது. ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவரால் சொல்ல முடியவில்லை.

"அவ போய் மூணு வருஷம்தாங்க ஆகுது," என்றார். ஏன் அதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆய்வாளரம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் அவர் பேனாவை மூடவில்லை. "எனக்குப் புரியுது சார். ஆனா இந்தப் பொண்ணு ஆறு வயசுலயே நிக்குது. இப்படியே விட்டுட்டுப் போனா நான் செய்யுற வேலைக்கு அர்த்தம் இல்ல. நாளைக்கு மறுநாள் ரிப்போர்ட் அனுப்பணும். அதுக்குள்ள ஏதாவது சொல்லணும்னா ஆஃபீஸுக்கு வாங்க."

ஆய்வாளரம்மா கிளம்பிப் போனார். பிள்ளைகள் பின்பக்கம் போய்விட்டார்கள். பல்செட்டுக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்த அம்மா மேல் கோபம், பெரியவள் மேல் கோபம், இன்னும் ஒரு வருடத்துக்குச் சீட்டு எழுதி வைக்காமல் போனவள் மேல்கூடக் கோபம். கோபம் வந்தால் வேலை செய்வதுதான் அவர் வழக்கம். சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே மேஜை விளக்கைப் போட்டு, மறுநாள் போக வேண்டிய செட்டை எடுத்து, அதோடு வந்த ஆர்டர் தாளைப் பிரித்தார்.

டாக்டரின் கிறுக்கலுக்குக் கீழே பென்சிலில் ஒரு குறிப்பு இருந்தது. 'நிறம் ஏ-3 அல்ல, ஏ-2. கீழ்ப்பக்கம் வலது கடைவாயில் அழுத்துகிறதாம், அங்கே ஒரு இழை குறைக்க வேண்டும். டாக்டர் போனில் சொன்னார். நீங்கள் ப்ளாஸ்டர் வாங்கப் போயிருந்தீர்கள்.'

எழுத்து அவர் மனைவியுடையது.

ழகரத்தின் வால் சுருண்டு மேலே ஏறும் அதே சுழி. வரியின் கடைசி எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடும் அதே பழக்கம். பல்செட்டுக்காரர் கையில் இருந்த செட்டைக் கீழே வைத்தார். தாளின் தேதியைப் பார்த்தார். போன வாரத்துத் தேதி. ப்ளாஸ்டர் வாங்கப் போனது இன்று காலையில். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், அவள் வந்துவிட்டுப் போனாள் என்றே நம்பினார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் பட்ட சந்தோஷத்தைப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு புத்தி வேலை செய்தது. பழைய ஆர்டர் தாள்களைக் கம்பியிலிருந்து உருவி ஒவ்வொன்றாக விளக்கில் சாய்த்துப் பார்த்தார். பல தாள்களில் பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்த தடம் இருந்தது. போனில் வந்த செய்திகள், பல் எண்ணிக்கையின் கூட்டல், ஒரு இடத்தில் அவரே தப்பாகக் கழித்த ஒரு கணக்கின் சரியான விடை. அந்தத் தப்பைப் பார்த்துவிட்டு அன்றைக்குப் பெரியவள் வந்து, "அப்பா, இன்னொரு தரம் எண்ணிப் பாருங்களேன்," என்று மட்டும் சொன்னது அவருக்கு நினைவு வந்தது.

அவளைக் கூப்பிட்டார். வந்தவள் மேஜை மேல் கிடந்த தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இது நீ எழுதினதா?"

"டாக்டர் நிறைய சொன்னாருப்பா. மறந்துடக் கூடாதேன்னு எழுதினேன். உங்ககிட்ட வாயால சொல்லிட்டு அழிச்சிடலாம்னு இருந்தேன். மேடம் வந்த பதட்டத்துல விட்டுப்போச்சு."

"அம்மா எழுத்து மாதிரியே இருக்கு."

"அம்மா சீட்டைப் பாத்துத்தானே எழுதிப் பழகினேன். வேற எழுத்து நான் எதைப் பாத்தேன்?"

பல்செட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று அப்போதுதான் தோன்றியது. அவள் வளர்ந்திருந்தாள். குட்டை மேஜையில் முழங்கால் இடித்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தாள்.

"அந்தப் புத்தகத்தை உன்னால படிக்க முடியுமா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"கழித்தலும் தெரியுமா?"

"உங்க ஆர்டர் தாள் கணக்கைப் பாத்துப் பாத்து வந்துடுச்சு. பொக்கைக்குக்கூடக் கொஞ்சம் தெரியும். நீங்க டெலிவரிக்குப் போறப்ப சொல்லித் தருவேன்."

"அப்புறம் ஏம்மா அந்த அம்மா முன்னாடி அப்படி நின்ன?"

அவள் மேஜையில் சிந்திக் கிடந்த மெழுகுத் துணுக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "வருஷா வருஷம் முதல் சீட்டை எடுக்கறப்பதான் நீங்க பழைய மாதிரி இருப்பீங்க," என்றாள். "எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா, அம்மா பெட்டி முடிஞ்சுபோயிடும்லப்பா."

அவர் அழுதார். மகள் எதிரில் அழக் கூடாது என்று இத்தனை நாள் காத்துவந்ததெல்லாம் போயிற்று. பெரியவள் பயப்படவில்லை. பக்கத்தில் வந்து, ப்ளாஸ்டர் படிந்த அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொக்கை கதவோரமாக எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குப் பல் வலியா?" என்று கேட்டான்.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனார். மடித்த ஆர்டர் தாளை ஆய்வாளரம்மாவின் மேஜையில் வைத்தார். "தப்பு எம்மேல மேடம். பிள்ளை நிக்கல. நான் நின்னுட்டேன்," என்றார். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது.

ஆய்வாளரம்மா தாளை வாசித்தார். பெரியவள் அதற்குள் மேஜையின் மறுபக்கமிருந்து, தலைகீழாக, அவருடைய அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தாள். அதைக் கவனித்ததும் ஆய்வாளரம்மா அறிக்கையைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "சத்தமாவே படி." 'வீட்டுச் சூழல் பிள்ளைகளின் வளர்ச்சிக்குத் தடையாக இருப்பதால்' என்று ஆரம்பித்து, அவள் நிறுத்தாமல் கடைசிவரை படித்தாள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது பல்செட்டுக்காரருக்குச் சுலபமாக இல்லை.

"இதை நான் மாத்தி எழுதறேன்," என்றார் ஆய்வாளரம்மா. "வீட்டுல படிச்சாலும் சரி, ஸ்கூலுக்குப் போனாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ஒண்ணு சார். உங்க வீட்டுக்காரம்மா என்ன நினைச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுது. இவ என்ன நினைக்கிறான்னு கேட்டீங்களா?"

கேட்டதில்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது கேட்டார்.

பெரியவள் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "மொட்டு நாள் முடிஞ்சதும் ஸ்கூலுக்குப் போறேன்பா. என் வயசுல மத்தவங்க எப்படி இருப்பாங்கன்னு பாக்கணும். பொக்கை இன்னும் கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும். பண்டிகை நாளுக்கு நான் லீவு போட்டுடுவேன்."

அவருக்கு வலித்தது. எதைச் செய்ய மாட்டேன் என்று இத்தனை வருடம் ஊர் வாயில் விழுந்தாரோ, அதையே அவள் இப்போது கேட்கிறாள். ஆனாலும் "சரிம்மா" என்றார். மனசு ஒப்பித்தான் சொன்னார் என்று சொல்ல முடியாது. சொல்லிவிட்டார், பிறகு மாற்றவில்லை.

குளிர் தொடங்கும் நாள் வந்தது. காலையில் பெரியவள்தான் முதலில் எழுந்தாள். மற்ற இருவரையும் எழுப்பிய பிறகே ஜன்னலைத் திறந்தாள். பல்செட்டுக்காரர் தகரப் பெட்டியை இறக்கினார். அம்மாவின் சீட்டுகளை மொத்தமாக எடுத்து, நூல் கட்டி, முடிந்த வேலைகளின் தாடைகளை வைக்கும் மேல் தட்டில் வைத்தார். கொடுத்து முடித்த செட்டின் தாடையை அவர் உடனே உடைப்பதில்லை. எப்போதாவது தேவைப்படும் என்று வைத்திருப்பார். அங்கேதான் இதற்கும் இடம் என்று பட்டது.

காலிப் பெட்டியில் பெரியவள் தன் சீட்டைப் போட்டாள். பொக்கை எடுத்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தான்.

'குளிர் தொடங்கும் நாள். தம்பிக்கு: பத்து ஜன்னல்களில் பனி படிந்திருப்பதைப் பார்த்து, ஒவ்வொன்றின் படமும் வரைய வேண்டும். அக்காவுக்கு: கம்பளிக்கு ஒட்டுப் போட வேண்டும், எத்தனை துண்டு வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுத வேண்டும். அப்பாவுக்கு: அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். தப்பு இருந்தால் திருத்தப்படும்.'

"எனக்குமா?" என்றார் பல்செட்டுக்காரர்.

"பெட்டியில வந்துடுச்சே," என்றான் பொக்கை.

குட்டை மேஜையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எட்டாவதுக்குப் பிறகு அவர் பக்கமாக எதையும் எழுதியதில்லை. பென்சிலை இரண்டு முறை சீவினார். பிள்ளைகள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பாதிக் காலை கழிந்தது. நான்கு வரிதான் வந்திருந்தது. பெரியவள் வந்து தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

'உங்கள் அம்மா டீச்சர். அவளுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள், பாத்திரம் பேசும். இந்த மேஜைக்கு அவள்தான் அளவு சொன்னாள். அவள் செத்து மூன்று வருசம் ஆகிறது.'

'செத்து' என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் அதுவரை எழுதியதில்லை, சொன்னதும் இல்லை. பெரியவள் அதை ஒன்றும் செய்யவில்லை. 'வருசம்' என்பதை 'வருஷம்' ஆக்கினாள். பிறகு பென்சிலைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய், 'மூன்று' என்பதை மெல்ல அடித்தாள்.

"இந்த வாரத்தோட நாலுப்பா," என்றாள்.

பல்செட்டுக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பெரியவளின் வயதிலிருந்து ஆறைக் கழித்துப் பார்த்தார். சரிதான். அவளிடமிருந்து பென்சிலை வாங்கி, அடித்த இடத்துக்கு மேலே 'நான்கு' என்று தானே எழுதினார்.